காய்ச்சல், சுரம், வெப்பு: ஒரு நோய்ப்பெயரின் பொருளும் ரொறன்ரோவில் அதன் பெயர்ப்பும்

2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் ரொறன்ரோவில் பரவியபோது, மருத்துவமனைகளின் வாயிலிலேயே வருவோரை நிறுத்திச் சில வினாக்களைக் கேட்கும் வழக்கம் தோன்றியது. அந்நோய் முதலில் பரவத் தொடங்கிய மருத்துவமனை, ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் இருந்தது. கனடாவில் 44 பேரின் உயிரைக் கொண்டுபோன அந்நோயின் அடையாளங்களுள் முதலாவது உடல் வெப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் அதற்கு ஓர் எண் இருந்தது: 38 பாகை செல்சியசுக்கு மேல். வாயிலில் நின்று ஆங்கிலத்தில் கேட்டவர் மனத்தில் அந்த எண் இருந்தது. அதே வினாவைத் தமிழிற் கேட்க நேர்ந்தவர் 'காய்ச்சல் இருக்கிறதா?' என்றே கேட்டிருப்பார். நாவில் வரும் வேறு சொல் நம்மிடம் இல்லை. ஆயின் அச்சொல்லுக்குள் அந்த எண் இல்லை. 2020இல் கோவிட் நோய்க்காலத்தில் இதே வினா கடைவாயில்களிலும் பள்ளிப் படிவங்களிலும் மீண்டும் வந்தது.

அகராதிகளை நோக்கின் இங்கு இடர்ப்பாடு ஏதும் இருப்பதாகத் தோன்றாது. காய்ச்சலுக்குச் சுரம் என்றும், சுரத்துக்குக் காய்ச்சல் என்றும், வெப்பு என்பதற்கு இவ்விரண்டும் என்றும் அவை பொருள் தருகின்றன. ஆங்கிலப் பொருள் தரும் அகராதிகள் மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை இடுகின்றன. மூன்றும் ஒருபொருட் பன்மொழி என்னும் இக்கோட்பாட்டை இக்கட்டுரை மறுக்க முற்படுகிறது. சுரம் நூலின் சொல். வெப்பு பாட்டின் சொல். காய்ச்சல் நோயுற்றவர் தம் உடம்பைப் பற்றிக் கூறும் சொல். இவற்றுள் எதுவும் 38 பாகை என்பதன் பெயரன்று. இவ்வேற்றுமை புலவர்க்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. இந்நகரின் மருத்துவமனைகளில் நாள்தோறும் அதன்மேல் முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

சொல்லின் அமைதி

காய் என்னும் வினையடியின் பொருட்பரப்பு பெரிது. ஞாயிறும் காயும்; நிலவும் காயும். நெல் காயும், தொண்டை காயும், வயிறும் காயும். குளிருக்குத் தீயின் அருகே இருத்தல் குளிர்காய்தல். சினத்தலும் வெறுத்தலும் காய்தலே. காய்தல் உவத்தல் என்னும் இணையில் அப்பொருள் நிற்கிறது. வெப்பமும் வறட்சியும் சினமும் ஒரே அடியில் உறைகின்றன. அதனாற்றான் காய்ச்சல் என்னும் பெயரும் நோய்க்கு மட்டும் உரியதாகவில்லை. வயலுக்கு நீர் கட்டியும் வடித்தும் வேளாண்மை செய்தலைத் தமிழ்நாட்டு உழவர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பர். ஒருவர் மற்றொருவரின் நலங்கண்டு மனம் எரிதலும் பேச்சுவழக்கில் காய்ச்சல் எனப்படும்.

இச்சொல்லின் ஈறும் கருதத்தக்கது. எரிச்சல், குடைச்சல், உளைச்சல், நமைச்சல், புகைச்சல், அலைச்சல் என்னும் சொற்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் காய்ச்சல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது விளங்கும். விளைச்சல், மேய்ச்சல் போன்றவை இவ்வீறு பெற்றும் உடம்போடு தொடர்பிலாதன என்பது உண்மையே. எனவே ஈற்றுக்கே இப்பொருள் உண்டென்று விதி வகுக்க இயலாது. எனினும் உடம்பிலும் மனத்திலும் உணரப்படும் ஓயாத அல்லலைச் சொல்லத் தமிழ் மீண்டும் மீண்டும் இவ்வடிவத்தையே நாடியிருக்கிறது. இச்சொற்கள் எவற்றையும் பிறர் ஒருவர் கருவி கொண்டு மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கால் குடைகிறது என்று ஒருவர் சொன்னால் குடைச்சல் உண்டு, அவ்வளவே. காய்ச்சலும் முதலில் இவ்வகைச் சொல்லாகவே இருந்திருத்தல் வேண்டும்.

அது ஏற்கும் வினைகள் இன்னும் தெளிவான சான்று. தமிழ்நாட்டில் காய்ச்சல் அடிக்கிறது. வெயிலும் காற்றும் மழையும் அடிப்பது போலவே. யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் காய்கிறது; வெயில் காய்வது போல. இரு நாட்டிலும் அது விடுகிறது, மழை விடுவது போல. எனக்கு என்னும் நான்காம் வேற்றுமையே இதற்கு இயல்பு. நோயாளி இங்கு எழுவாயாக நிற்பதில்லை. உடம்பின்மேல் வந்து நின்று, அடித்து, பின் விட்டுப் போகும் ஒரு பருவநிலையாகவே பேசுவோர் இந்நோயைக் கருதியிருக்கின்றனர். இவ்வினைகளுள் 'விட்டது' என்பதன் விளைவு பெரிது. அதனைப் பின்னர்க் காண்போம்.

சுரம்: மூன்று சொற்களின் ஒரே எழுத்துரு

சங்கப் பாடல்களில் சுரம் என்பது பாலையின் அருவழி. தலைவன் பொருள்வயிற் பிரிந்து கடப்பது அது, நோயன்று. இசைநூலாரின் சுரம் வடமொழி சுவரத்தின் திரிபு. மருத்துவ நூலாரின் சுரம் வடமொழியில் ஜ்வரம் என்பதன் தமிழ் வடிவம். கிரந்த எழுத்தோடு ஜுரம் என எழுதுவோரும் பேசுவோரும் தமிழ்நாட்டில் இன்றும் உளர். மூன்றும் தமிழெழுத்தில் ஒன்றாய்விட்டன. சுடுதற்பொருளுடைய தமிழ் வேர் ஒன்றிலிருந்தே நோய்ப்பெயரும் பாலைவழியும் பிறந்தன என்பர் தனித்தமிழ் ஆய்வாளர் சிலர். பாலைநிலத்தின் வெம்மை உடம்பின் வெம்மையானது என்பது கேட்க இனிய விளக்கம். ஆயினும் மருத்துவச் சுரம் தனித்து வரவில்லை, வாதம், பித்தம், சன்னிபாதம் என்னும் வடமொழிக் கலைச்சொற்களோடு ஒரு தொகுதியாகவே வந்திருக்கிறது. தொகுதியிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்துத் தமிழ் வேர் காட்டுதல் எனக்கு உடன்பாடன்று. வடமொழியிலும் இச்சொல் தொன்மையானதென்று கொள்ள வேண்டா. அதர்வ வேதத்தில் இந்நோயின் பெயர் தக்மன்; மருத்துவ நூல்கள் எழுந்த காலத்திலேயே ஜ்வரம் அவ்விடத்தைக் கொண்டது.

அந்நூல்களில் சுரத்தின் தகுதி உயர்ந்தது. சரக சங்கிதையின் நிதானப் பகுதி சுரத்தோடு தொடங்குகிறது. உருத்திரனின் சினத்திற் பிறந்தது அது என்பது புராணம். தமிழ்க் காய் என்னும் அடியிலும் சினம் இருப்பதை இங்கு நினைவுகூரலாம். சித்த மருத்துவத்தில் யூகியின் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பகுக்கிறது. ஈழத்து மருத்துவ நூலாகிய பரராசசேகரத்திலும் சுரரோக நிதானம் தனிப் பகுதியாக உள்ளது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டினையும் தேர்ந்து, இன்ன சுரம் என மருத்துவர் துணிவார். அத்துணிபு வரும்வரை நோயாளிக்கு இருப்பது காய்ச்சல். துணிந்தபின் மருத்துவர் வாயில் அது சுரம். கபசுரம், பித்தசுரம் என்னும் தொடர்களில் சுரத்துக்குப் பதிலாகக் காய்ச்சலை இட்டுப் பார்த்தால் தொடர் கூசும். 2020இல் 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் தமிழ்நாட்டில் பரவலாக வழங்கப்பட்டு, அதன் பெயர் கடல் கடந்த தமிழர் வீடுகளிலும் ஒலித்தபோது, எவரும் அதனைக் கபக்காய்ச்சல் குடிநீர் என்று சொல்லவில்லை. பேச்சில் அருகிப்போன சுரம் என்னும் சொல் மருந்தின் பெயரில் மட்டும் உயிரோடு மீண்டது.

வெப்பு என்பதைச் சுருக்கமாகவே கூறலாம். ஞானசம்பந்தர் தங்கிய மடத்துக்கு இட்ட தீ பாண்டியனிடம் சென்று வெப்புநோயாகப் பற்றியதையும், திருநீற்றால் அது தணிந்ததையும் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அங்கு நோய், வெளியிலிருந்து உடம்புக்கு இடம் மாறிய தீ. அதே சம்பந்தர் கொங்குநாட்டில் அடியாரை நடுக்கிய பனிக்கால நோயைத் தீர்த்த வரலாறும் உண்டு. இன்று இதனை விளக்குவோர் நளிர்சுரம், குளிர்சுரம் என்பர். தமிழில் குளிரைக் குறிக்கும் பனி, மலையாளத்தில் இன்றும் இந்நோய்க்குரிய பொதுப்பெயராக இருப்பது நோக்கற்பாலது. ஒரே நோயின் இரு முனைகளை அண்டை மொழிகள் இரண்டும் ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொண்டன: தமிழ் சூட்டை, மலையாளம் நடுக்கத்தை.

எண் வந்த காலம்

1868இல் லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து கண்டவற்றை நூலாக்கினார். அதுவரை ஐரோப்பிய மருத்துவமும் இதனை ஒரு நோயாகவே எண்ணி வகைப்படுத்தியது. அவருக்குப்பின் அது வேறு நோய்களின் குறியாக, வெப்பமானி காட்டும் அளவாக மாறத் தொடங்கியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களைத் தமிழாக்கி வந்தது இதே காலத்தில் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அவர் 1847இல் ஈழம் வந்தார்; வைத்தியாகரம் வெளிவந்தது 1872இல்; மறு ஆண்டு அவர் ஊர் திரும்பினார். அங்காதிபாதம், சுகரணவாதம், வைத்தியாகரம் என்னும் நூற்பெயர்களே அவர் கலைச்சொற்களின் போக்கைக் காட்டும். அவரும் அவர்தம் மாணவரும் ஆற்றிய பணியை எத்துணைப் போற்றினும் தகும். எனினும் தமிழ் மருத்துவக் கலைச்சொல்லாக்கம் அடித்தளமிட்ட காலம், நோய் என்னும் கருத்திலிருந்து அளவு என்னும் கருத்துக்கு மேலை மருத்துவமே மாறிக்கொண்டிருந்த காலம். அம்மாற்றத்துக்குப் பின்னர், அளவுக்கெனத் தனிச்சொல் வேண்டும் என்று நம்முள் எவரும் வற்புறுத்தவில்லை. பிற்காலத்துச் சொற்பட்டியல்கள் பழைய சொல்லின்மேல் புதிய பொருளை ஏற்றி அமைந்தன. ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் வந்ததே; ஆயின் அங்கு நோயாளியின் வீட்டிலும் வெப்பமானி புகுந்து, சொல்லின் பொருளை மெல்ல மாற்றியது. நம்மிடையே தாயின் புறங்கையே நெடுங்காலம் வெப்பமானியாக இருந்தது. சித்தரின் பரிசத் தேர்வும் அதுதானே.

ரொறன்ரோவில் சொல்லும் பொருளும்

இந்நகரத்துத் தமிழரிற் பெரும்பான்மையோர் ஈழத்தவர் ஆதலின் காய்ச்சலின் ஈழ வழக்குகளே இங்குப் பெரிதும் பயில்கின்றன. 'காய்ச்சல் குணமாக இருக்கிறது' என்பது அவற்றுள் ஒன்று. குணம் என்பதைத் தேறுதல் என்று கொள்ளும் தமிழ்நாட்டவர்க்கு இது காய்ச்சல் தீர்ந்தது எனப் படும். ஈழத்தவர் கருதுவதோ காய்ச்சல் வரும் தன்மை தெரிகிறது என்பது. தமிழர் இருவரிடையே கூடப் பொருள் நேரெதிராகும் தொடர் இது. நெருப்புக்காய்ச்சல் என்பது மற்றொன்று. ஈழத்தில் அது தைபோயிட்டு நோய்க்குரிய பெயர். அதை அறியாத மொழிபெயர்ப்பாளர், உடம்பு நெருப்பாகக் கொதித்தது என்று விளங்கிக்கொண்டு, கடுமையான காய்ச்சல் என ஆங்கிலத்திற் சொல்லிவிடுவார். ஒரு நோயின் முழு வரலாறும் அங்கே விடுபட்டுப்போகும்.

உட்காய்ச்சல் என்னும் சொல் இவற்றினும் ஆழமானது. முதியோர் பலர் தமக்கு உட்காய்ச்சல் என்பர். வெப்பமானி 36.8 காட்டும். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் காய்ச்சல் என்றே சொல்லியிருப்பார். தாதியார் இல்லை என்று குறித்துக்கொள்வார். அந்தக் கணத்திலிருந்து அம்முதியவரின் பேச்சு நம்பத்தகாததாகிறது. இதில் பிழை யாருடையது? வடமொழி மருத்துவ நூல் சுரத்தை உள்வேகமுடையது, புறவேகமுடையது எனப் பகுத்துள்ளது. உட்காய்ச்சல் அப்பகுப்பின் வழிவந்த, பொருள் திட்பமுடைய சொல். உள்ளே எரிகிறது, மேல் நோகிறது, வாய் கசக்கிறது, எழ முடியவில்லை என்பதை ஒரே சொல்லால் அவர் கூறினார். முதுமையில் கடுந்தொற்றும் உடல்வெப்பம் உயராமலே வரக்கூடும் என்று இற்றை மருத்துவமே எச்சரிக்கிறது. ஆகவே அச்சொல்லைத் தள்ளிவிடாமல், அவர் உணர்வதை விரித்துக் கூறுமாறு கேட்பதே மருத்துவர்க்கும் பயன் தரும்.

மறுதலையும் உண்டு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தையின் உடல்வெப்பம் 38 பாகையானால் காலந் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். புற்றுநோய்க்கு வேதிமருந்து ஏற்றிக்கொள்பவர், வெப்பம் ஒருமுறை 38.3 காட்டினாலோ ஒரு மணிநேரம் 38.0இல் நின்றாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும் என்பது ஒன்ராறியோவில் அவர்களுக்குச் சொல்லப்படும் விதி. இதனைத் 'காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்' என்று மட்டும் தமிழிற் சொன்னால் நேர்வது என்ன? நம் வழக்கில் 'இலேசாகச் சுடுகிறது, காய்ச்சல் என்று இல்லை' என்பது மிக இயல்பான கூற்று. சிறு சூட்டுக்குச் சூடு என்றே பெயர். ஆளைக் கிடத்தினால்தான் காய்ச்சல். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து, பனடோல் இரண்டு விழுங்கி, விடியட்டும் என்று இருந்துவிடுவது அச்சொற்பொருளுக்கு முற்றிலும் இயைந்த நடத்தை. கேட்டவர் அறிவுரையை மீறவில்லை. அவர் மொழியில் அவருக்குக் காய்ச்சல் இன்னும் வரவில்லை.

விட்டது என்னும் வினைக்கு இப்பொழுது வருவோம். 2017இல் இலங்கையில் டெங்கு நோய் 1,86,000க்கு மேற்பட்டோரைப் பற்றியது. கோடைவிடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பங்கள் நிறைந்த இந்நகரில் அந்நோய் அயலார் செய்தியன்று. டெங்குவின் இயல்பு, உடல்வெப்பம் இறங்கும் வேளையிலேயே இடர் மிகுதல். அதனையொட்டிய 24 முதல் 48 மணிநேரத்தில் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குச் செல்லக்கூடும். தமிழில் அவ்வேளைக்குரிய தொடர் 'காய்ச்சல் விட்டது'. மழை விட்டால் குடையை மடக்குவோம். காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் வார்ப்போம், பள்ளிக்கு அனுப்புவோம். நோய் முடிந்தது என்னும் பொருள் அவ்வினைக்குள்ளேயே இருக்கிறது. 'காய்ச்சல் விட்டபின் கவனமாக இருக்கவும்' என்னும் அறிவிப்பு, இவ்வினையின் வலிமைக்கு எதிரே மிக மெலிந்தது. தேறிவருபவர்க்குக் கூறும் நல்வாக்காகவே அது கேட்கும். 'சூடு இறங்கும் நாளே ஆபத்தான நாள்' என்று வேறு சொல்லெடுத்துக் கூறுவதே தக்கது.

சொல்லாக்கம் பற்றி

காய்ச்சலை நோயாளியின் பேச்சுக்கு விட்டுவிட்டு, சுரம் என்பதை 38 பாகைக்குரிய கலைச்சொல்லாக நிறுவலாமே என்று கேட்போர் உண்டு. கருத்தளவில் இது கவர்ச்சியுடையது. இரு சொற்கள் கைவசம் இருக்க இரண்டையும் ஒன்றாக்குவானேன் என்னும் வினாவில் நியாயமும் உண்டு. ஆனால் சுரம் 64 வகைப் பகுப்போடும் முக்குற்றக் கொள்கையோடும் கூடிய சொல். அதனை ஓர் எண்ணுக்குப் பெயராக்கினால் சித்த மருத்துவத்தின் கலைச்சொல்லைப் பறித்துக் குறுக்கியதாகும். மேலும் ஈழத்துப் பேச்சுவழக்கில் சுரம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஸ்காபரோவில் ஒரு மூதாட்டியிடம் சுரம் இருக்கிறதா என்று கேட்டால் பாட்டைப் பற்றிக் கேட்பதாக அவர் கொள்ளவும் கூடும். புதுச்சொல் ஒன்றை ஆக்குவதும் வேண்டுவதன்று. உடல்வெப்பம், உடற்சூடு என்னும் தெளிந்த சொற்கள் இருக்கின்றன. அளவைக் கேட்க வேண்டிய இடத்தில் அவற்றையும் எண்ணையும், உணர்வைக் கேட்க வேண்டிய இடத்தில் காய்ச்சலையும் ஆள்வது போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருப்பதால் தமிழிலும் ஒரு சொல்லாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணமே இதுவரை நம் சொற்பட்டியல்களைக் கெடுத்தது.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. தாயகத்தில் காய்ச்சலை அளந்தவர் பாரன்ஹீட்டில் அளந்தனர். 'நூற்றிரண்டு காய்ச்சல்' என்பது நம் வீடுகளில் அச்சந்தரும் தொடர். நூறுக்குக் கீழே எதுவும் அஞ்சத்தக்கதன்று. அப்பழக்கத்தோடு வந்தவர் செவியில் 38 என்னும் எண் எதையும் எழுப்பாது, அது 100.4 என்பதை எவரேனும் சொல்ல வேண்டும். எனவே வாயிலில் கேட்கப்படும் வினா இரண்டாதல் நன்று. உடம்புக்கு எப்படி இருக்கிறது, காய்ச்சல், உட்காய்ச்சல், குளிர், உளைவு ஏதும் உண்டா என்பது ஒன்று. சூட்டை அளந்து பார்த்தீர்களா, 38க்கு, பழைய கணக்கில் 100.4க்கு, மேலே போனதா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் ஒருவர் விடை கூறினால், இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளப் படிவத்தில் இடம் இருத்தல் வேண்டும்.